முட்டைப் பொடியும் மூணு லட்சமும்

நாமக்கல்காரனுக்கு ஷேர் மார்க்கெட் ஒண்ணும் புதுசு இல்லீங்க. காலையில பல்லு விளக்குறதுக்கு முன்னாடி முட்டை விலை என்னன்னு பார்க்கிற ஊர் இது. 1982ல் டாக்டர் பி.வி.ராவ் முயற்சியில் ஆரம்பித்த என்.இ.சி.சி. மண்டலவாரியாக விலை சொல்கிறது. நாமக்கல் மண்டலத்துல அஞ்சு காசு ஏறினா டீக்கடையில் சத்தம் ஏறும். பத்து காசு இறங்கினா அன்னைக்கு வீட்டுக்குள்ள யாரும் அப்பாகிட்ட எதுவும் கேட்கக் கூடாது. இப்படி வளர்ந்த நான் படிச்சு முடிச்சு பெங்களூர்ல பொட்டி தட்டப் போனது தனிக்கதை. அதை இன்னொரு பதிவுல புலம்பிக்கலாம்.

இப்போ விஷயம் என்னன்னா, அப்பா ஒரு ஷேர் வாங்கணும்ங்கிறார். மூணு லட்சத்துக்கு, ஒரே கம்பெனியில.

மோகனூர் ரோட்டுல எங்களுக்கு பத்தாயிரம் கோழி ஷெட் ஒண்ணும் அதுல பாதி அளவுல இன்னொண்ணும் இருக்கு. சின்ன ஷெட்டுல வயசான கோழியை வித்தாச்சு. அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கவும் அதோட ஆரம்பத் தீவனத்துக்கும்னு எடுத்து வெச்ச காசுதான் அந்த மூணு லட்சம். அப்பாவுக்கு 58 வயசு. முழங்கால் ஒத்துழைக்கல, வேலைக்கு ஆள் கிடைக்கல. "கோழி வளர்க்காமயே கோழியில காசு பண்ண முடியுமான்னு பாக்கறேன் கண்ணு" என்கிறார். இதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஷெட்டைப் பார்த்துக்கிட்டிருந்தார். அதனால சும்மா 'வேண்டாங்ப்பா'ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட முடியல.

அவர் பார்த்து வெச்சிருக்கிறது ஈரோட்டுப் பக்கம் இருக்கிற எஸ்கேஎம் எக் ப்ராடக்ட்ஸ். முட்டையை உடைச்சு, காய்ச்சி, பொடியாக்கி ஜப்பான், ரஷ்யா, ஐரோப்பான்னு அனுப்புறவங்க. நூடுல்ஸ், கேக், மயோனைஸ் செய்யறவங்களுக்கு இந்தப் பொடி வேணும். முட்டைக்குள்ள இருக்கிறதுல முக்கால் பங்கு தண்ணி. அதை எடுத்துட்டா ஒரு கிலோ பொடிக்கு எண்பது, தொண்ணூறு முட்டை போகும். உடையாது, சீக்கிரம் கெடாது, கப்பல்ல ஏத்த இடமும் கம்மி. கேட்க நல்லாத்தான் இருக்கு.

அப்பாவோட நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கு. 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் ஆரம்பிச்சது. ஐரோப்பாவுக்கு முட்டை அனுப்புற பெரிய நாடு அது. அதே வருஷம் அமெரிக்காவுல பறவைக் காய்ச்சல்ல கோடிக்கணக்கான கோழி போச்சு. 2022-23 குளிர்காலத்துல ஜப்பான்ல மட்டும் 1.7 கோடிக்கு மேல பறவைகளை அழிச்சாங்க. அங்க ஓட்டல்கள்ல முட்டை அயிட்டங்களை மெனுவிலிருந்தே தூக்கின செய்தியெல்லாம் வந்தது. நம்ம ஊர் முட்டைக்கும் பொடிக்கும் யோகம் அடிச்சது. 2022 ஆரம்பத்துல நூறு ரூபாய்க்கும் கீழ கிடந்த அந்த ஷேர் 2023ல பல மடங்கு ஆச்சு. அப்புறம் உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழ இறங்கவும் செஞ்சது. அப்பா முதல் பாதியை மட்டும் மனப்பாடமா சொல்றார். அம்மா ரெண்டாவது பாதியை மட்டும் சொல்றாங்க. நடுவுல நான், எக்ஸெல்லோட.

அம்மா பக்கம் இன்னொரு ஆயுதமும் இருக்கு: ஈமு. 2010, 2011 வாக்குல கொங்கு நாடு முழுக்க ஈமு பைத்தியம் பிடிச்சு ஆடினது உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். குஞ்சு தர்றோம், வளர்த்துக் கொடுங்க, மாசா மாசம் பணம், கடைசியில முதலும் திரும்ப வரும்னாங்க. எங்க பெரிய மாமா ஒரு கம்பெனியில பணம் கட்டி, வீட்டுக்குப் பின்னாடி கம்பி வேலி போட்டு ஆறு ஈமு நிறுத்தியிருந்தார். 2012ல வரிசையா எல்லாம் கவிழ்ந்தது. டெபாசிட் போட்டவங்களைக் காப்பாத்த 1997லயே தமிழ்நாடு போட்ட சட்டத்துல வழக்கு மேல வழக்கு. மாமா வீட்டு ஈமு ரெண்டு வேலியைத் தாண்டி ஓடி, ஊரே துரத்தினது மட்டும்தான் அந்த முதலீட்டுல கிடைச்ச சந்தோஷம்.

அம்மா ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்கிறது சரியில்லைன்னு எனக்குத் தோணுது. ஈமுவுக்கு வாங்கறவனே கிடையாது. அடுத்து பணம் கட்ட வர்றவன்தான் வருமானம். இங்க நிஜமா ஒரு ஆலை ஓடுது, நிஜமா கப்பல் போகுது, மூணு மாசத்துக்கு ஒருதரம் கணக்கு வெளியிட்டே ஆகணும். ஆனா 'நிஜக் கம்பெனி' என்பது வேற, 'இந்த விலைக்கு வாங்கலாம்' என்பது வேற. சென்னை பெண்டாமீடியா கிராபிக்ஸ் நிஜக் கம்பெனிதானே? மோஷன் கேப்சர்ல முழுநீளப் படமே எடுத்தாங்க, 2000ல வந்த சிந்துபாத் படம். அதே சமயத்துல கேத்தன் பரேக்குக்குப் பிடிச்ச கே-10 பங்குகள்ல அதுவும் ஒண்ணு. 2001 மார்ச்ல அவர் கைதானார். அந்தப் பங்கு கடைசியில சில்லறை விலைக்கு வந்து நின்னது. படம் எடுத்ததும் நிஜம், விலை போனதும் நிஜம்.

சரி, அப்பாவோட கணக்குக்கு வர்றேன். அது சுவாரசியமான கணக்கு. "முட்டை விலை இறங்கினா நமக்கு நட்டம். ஆனா முட்டையை வாங்கிப் பொடி பண்றவனுக்கு லாபம். ரெண்டுலயும் கால் வெச்சா எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் விழமாட்டோம்." பத்தாவது தாண்டாத மனுஷன். எம்.பி.ஏ. படிச்சவன் இதுக்கு ஹெட்ஜிங்னு பேர் வெச்சு காசு வாங்குவான்!

ரெண்டு நாள் உக்கார்ந்து ஆண்டறிக்கை படிச்சேன். (ஆபீஸ்ல ஆணி கம்மியான வாரம்.) அங்கதான் இடிச்சது. அவங்க நம்ம மாதிரி ஆள்கிட்ட தினமும் முட்டை வாங்கி உடைக்கிற கம்பெனி இல்லை. சொந்தப் பண்ணை, சொந்தத் தீவனம்னு கோழியிலிருந்து பொடி வரைக்கும் அவங்க கையிலேயே. வெளிநாட்டுக்காரன் மருந்து எச்சம் இருக்கக் கூடாதுன்னு பார்ப்பான், எந்தப் பண்ணை முட்டைன்னு கேட்பான். அதனால நாமக்கல்ல புரட்டாசி மாசம் விலை படுத்தா அவங்களுக்குக் கொண்டாட்டம்கிற கணக்கு முழுசா நிக்காது. அவங்க செலவு முட்டை விலையில இல்லை, மக்காச்சோளத்துலயும் சோயாவுலயும் இருக்கு. எங்க செலவும் அதே.

ஒரு கோழி ஒரு நாளைக்கு சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். பத்தாயிரம் கோழிக்கு 1,100 கிலோ. கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினா எங்களுக்கு நாளைக்கு 1,100 ரூபாய், மாசத்துக்கு 33,000 ரூபாய் காலி. 2021ல சோயா புண்ணாக்கு விலை தாறுமாறா ஏறி, மரபணு மாற்றிய சோயா புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி பண்ண அரசாங்கமே அந்த ஆகஸ்ட்ல அனுமதி கொடுத்தது. அடுத்து மக்காச்சோளத்துலயும் எத்தனால் எடுக்க ஆரம்பிச்சாங்க. கோழி தின்ன வேண்டியதை கார் குடிக்குது. 2024ல இந்தியா மக்காச்சோளம் ஏற்றுமதி பண்ற நிலைமையிலிருந்து இறக்குமதிக்கு வந்துடுச்சு. ஆக, அப்பா ரெண்டு கால் வெச்சாலும் ரெண்டும் ஒரே பலகை மேலதான்.

பறவைக் காய்ச்சலும் அப்படித்தான். வெளிநாட்டுல வந்தா ரெண்டு பேருக்கும் யோகம். உள்ளூர்ல வந்தா ரெண்டு பேருக்கும் அடி. 2006 பிப்ரவரியில மகாராஷ்டிராவுல நவாப்பூர்ல வந்தப்போ நான் மூணாவது படிச்சிட்டிருந்தேன். நாமக்கல்ல ஒரு கோழிக்கும் ஒண்ணுமில்லை. ஆனா முட்டையை யாரும் சீண்டல. எங்க வீட்டுல காலையில முட்டை, மதியம் முட்டை, ராத்திரி முட்டை. இன்னைக்கும் எனக்கு ஆம்லெட் அவ்வளவா இறங்காது :-)

முழுசா ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட முடியாது. உள்ளூர்ல சத்துணவு முட்டை, கேரளா லாரி, பண்டிகை, விரதம்னு ஆடுற விலை வேற. ஜப்பான்காரன் பொடிக்குக் கொடுக்கிற விலை வேற. அந்த அளவுக்கு அப்பா சொல்ற தாங்கல் உண்டு. கால்வாசி இருக்கும்னு என் அனுமானம். இதை அப்பாகிட்ட சொன்னப்போ, "கால்வாசிக்கு யாராவது தூண் நிறுத்துவாங்களா"ன்னு சிரிச்சார். அப்புறம் ரொம்ப நேரம் பேசல.

இன்னொரு விஷயம், சின்னக் கம்பெனி. 2023ல மொத்தமே 2.63 கோடி பங்குகள். அதுல பாதிக்கு மேல நிர்வாகக் குடும்பத்துக்கிட்ட. மிச்சத்துலதான் ஊர் உலகம் எல்லாம் வாங்கி வித்துக்கணும். ஏறுறப்போ விக்கிற ஆள் இருக்கமாட்டான், இறங்குறப்போ வாங்குற ஆள் இருக்கமாட்டான். மக்காச்சோள மூட்டை மாதிரி அவசரத்துக்கு மண்டியில தள்ளிட்டு வர முடியாது. இதைவிட முக்கியம் பி.இ. சமாச்சாரம். இந்த மாதிரி ஏறி இறங்குற தொழில்ல லாபம் உச்சத்துல இருக்கிறப்போதான் பங்கு மலிவா இருக்கிற மாதிரி தெரியும். போன வருஷ லாபத்தால வகுத்தா விலை கம்மியாத்தானே வரும்? இதை எப்படி விளக்கறதுன்னு முழிச்சப்போ அப்பாவே சொன்னார்: "முப்பது வாரக் கோழி நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல முட்டை போடும். அதைப் பார்த்துட்டு எழுபதாவது வாரத்துக்கும் அதே முட்டைன்னு விலை பேசற மாதிரி."

அவ்வளவுதாங்ப்பா. நான் ரெண்டு நாள் எக்ஸெல்ல தேடினது அதுதான்.

ஆனா அவர் சளைக்கல. "அப்படின்னா எல்லாரும் வேண்டாம்னு தூக்கிப் போட்ட அன்னைக்கு வாங்கணும்னு ஆகுதில்ல?" என்றார். தீவனம் விலை ஏறி, கம்பெனி லாபம் சுருங்கி, டிவியில யாரும் அந்தப் பேரையே சொல்லாத காலாண்டுல. அதுக்கு என்கிட்ட மறுப்பு இல்லை. ஆனா அந்தக் காலாண்டுல எங்க ஷெட்டும் நட்டத்துல இருக்குமே, காசு எங்கிருந்து வரும்னு அம்மா உள்ளேயிருந்து கேட்டாங்க. மூணு பேர்ல சரியான கேள்வி கேட்டது அவங்கதான்னு நினைக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை மூணு பேரும் உக்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ரெண்டு லட்சம் கோழிக்கே. சின்ன ஷெட்டுல ஐயாயிரத்துக்குப் பதிலா மூவாயிரம் குஞ்சு, தண்ணிக்கு நிப்பிள் லைன் போட்டு வேலையைக் குறைக்கறது. மிச்ச ஒரு லட்சம் தனியா இருக்கும், உடனே வாங்கப் போறதில்லை. ரெண்டு காலாண்டு லாபம் தொடர்ந்து இறங்கினா மூணுல ஒரு பங்கு. அப்பவும் ஆலை முழுசா ஓடுது, கடன் ஏறலைன்னா அடுத்த பங்கு. மூணாவது பங்கு அம்மா சரின்னு சொன்னா மட்டும். அப்பாவுக்கு இதுல முழுத் திருப்தி இல்லை. "அதுக்குள்ள ஏறிடுச்சுன்னா?" என்றார். ஏறட்டும்ங்ப்பா, கோழி வாங்கறப்ப நாம எத்தனை தரம் விலை படியாம வெறும் வண்டியைத் திருப்பிட்டு வந்திருக்கோம்னேன். அதுக்கு மட்டும் தலையாட்டினார்.

டீமேட் கணக்கு அவர் பேர்லயே ஆரம்பிச்சுக் கொடுத்தாச்சு. பாஸ்வேர்டை முட்டை அட்டையில எழுதி ஷெட்டுல மாட்டி வெச்சிருக்கார். கழட்டச் சொல்லியிருக்கேன். குஞ்சு அடுத்த மாசம் வருது. நிப்பிள் லைன் போடுறவர் ராசிபுரத்துல வேலை முடிச்சுட்டு வெள்ளிக்கிழமை வர்றேன்னிருக்கார்.

டிஸ்கி: இது வாங்குங்கன்னோ விக்குங்கன்னோ சொல்ற பதிவு இல்லை. என்கிட்ட அந்தப் பங்கு ஒண்ணுகூடக் கிடையாது. முட்டைப் பொடி வாங்குற பேக்கரி, நூடுல்ஸ் தொழில்ல இருக்கிற நண்பர்கள் யாராவது இருந்தா, விலையை எப்படி ஒப்பந்தம் பண்றீங்க, மூணு மாசத்துக்கா வருஷத்துக்கான்னு ஒரு வரி சொல்லிட்டுப் போங்க. அப்பா கேட்கச் சொன்னார்.