டிரைவரை மாத்தாம வண்டியை மாத்தின கதை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப அம்மா போனைக் கையில கொடுத்து, "பென்ஷன் வந்துச்சான்னு பார்க்கணும், பேங்க் ஆப்பு திறக்க மாட்டேங்குதுடா"ன்னாங்க.

அது நான் கொடுத்த போன்தான். புதுசு வாங்கினப்ப பழசை அம்மா தலையில கட்டினது. செட்டிங்ஸ்ல பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பார்த்தேன். 2019 ஆகஸ்ட். கீழேயே 'உங்கள் சிஸ்டம் புதுப்பித்த நிலையில் உள்ளது'ன்னு ஒரு டிக் வேற! கம்பெனி கைகழுவிட்ட போனுக்கு இனிமே அப்டேட்டே கிடையாது, அதனால புதுப்பித்த நிலையாம். பேங்க் ஆப் மட்டும் 'இந்தப் பழைய ஆண்ட்ராய்டில் ஓடமாட்டேன்'னு நேர்மையா சொல்லிடுச்சு.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

2006. என்னோட முதல் லேப்டாப். வீட்டுல வை-ஃபையே கிடையாது. ஆனாலும் அந்த நீல விளக்கு அழகா இருக்கேன்னு அணைக்கவே மாட்டேன். அந்த ஆகஸ்ட்ல லாஸ் வேகாஸ்ல ப்ளாக் ஹாட் மாநாடு. டேவிட் மேய்னர், ஜான் எல்ச்னு ரெண்டு பேர் ஒரு வீடியோ போட்டாங்க. வை-ஃபை ட்ரைவர்ல இருந்த ஓட்டை வழியா ஒரு மேக்புக்குக்குள்ள புகுந்துட்டாங்க. அது வெளிய வாங்கிச் செருகின கார்டு, ஆப்பிளோட சொந்த ட்ரைவர்லயும் ஓட்டை உண்டா இல்லையான்னு ஊரெல்லாம் ஒரே சண்டை. செப்டம்பர்ல ஆப்பிள் தன்னோட ஏர்போர்ட் ட்ரைவர்கள்ல சில ஓட்டைகளை அடைச்சது, 'நாங்களே சோதிச்சுக் கண்டுபிடிச்சோம்'ங்கிற விளக்கத்தோட.

எனக்கென்ன, நான்தான் எங்கயும் கனெக்ட் பண்றதில்லையேன்னு இருந்தேன். நவம்பர்ல அந்த நினைப்புலயும் மண்ணு. விண்டோஸ்ல ஓடுற ப்ராட்காம் ட்ரைவர்ல ஓட்டைன்னு சேதி. என் லேப்டாப்லயும் அதே சிப்!

விஷயம் ரொம்ப எளிது. வை-ஃபை நெட்வொர்க்குக்கு ஒரு பேர் இருக்கும் இல்லையா, எஸ்.எஸ்.ஐ.டி. அதுக்கு அதிகபட்சம் 32 பைட்டுதான்னு விதி. ரயில்வே ரிசர்வேஷன் படிவத்துல பேர் எழுத கட்டம் போட்டிருக்கற மாதிரி 32 கட்டம்னு வச்சுக்கோங்க. ஒருத்தன் வேணும்னே அதைவிட நீளமான பேரை அனுப்பறான். அளவைப் பார்க்காம ட்ரைவர் அப்படியே எழுதிக்குது. கட்டம் தாண்டி வழியற எழுத்து, அடுத்து என்ன செய்யணும்னு குறிச்சு வச்சிருந்த இடத்து மேலயே விழுது. அங்க அவன் எழுதினதுதான் இனிமே ஆர்டர். ட்ரைவர் உட்கார்ந்திருக்கறதோ கெர்னல்ல, அதாவது வீட்டோட சாமி ரூம்ல. ஆன்டிவைரஸ், ஃபயர்வால் எல்லாம் வாசல் காவல்தான்.

கனெக்ட் பண்ணலைன்னா தப்பிச்சோமா? அதான் இல்லை. ஒவ்வொரு ரவுட்டரும் நொடிக்குச் சுமார் 10 தடவை 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு கூவிட்டே இருக்கும். வை-ஃபை ஆன்ல இருந்தா, எந்தெந்த நெட்வொர்க் இருக்குன்னு பட்டியல் போட, முன்னபின்ன தெரியாதவன் அனுப்பறதையும் பிரிச்சுப் படிச்சே ஆகணும். பாஸ்வேர்டு கேக்கறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

ப்ராட்காம் திருத்தின ட்ரைவரைக் கூட்டாளிக் கம்பெனிகளுக்குக் கொடுத்துடுச்சு. ஆனா அது நம்ம கைக்கு வர, லேப்டாப் கம்பெனி வெளியிடணும், நாம தேடிப்போய் இறக்கிக்கணும். நான் எதுவும் செய்யலை. நீல விளக்கை அணைச்சதோட சரி.

அதோட முடிஞ்சுதா? 2017ல ப்ராட்காம் சிப்புக்குள்ளயே ஒரு ஓட்டை, ஆண்ட்ராய்டு ஐபோன் ரெண்டுலயும். 2020ல கூகுள்ல வேலை பார்க்கற இயான் பீர், ஒத்தை ஆளா ஆறு மாசம் உட்கார்ந்து, மூடின கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஐபோன்ல இருந்து வை-ஃபை வழியாவே போட்டோ எடுத்துக் காட்டினார் (ஆப்பிள் அதுக்கு முன்னாடியே அடைச்சாச்சு). 2024 ஜூன்ல மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் வை-ஃபை ட்ரைவருக்கு ஒட்டுப் போட்டுச்சு. அதுலயும் நாம எதையும் க்ளிக் பண்ண வேண்டாம், ரேஞ்சுக்குள்ள இருக்கறவன் ஒரு பாக்கெட் அனுப்பினாலே போதும். 18 வருஷம் ஆச்சு, அதே ஜாதி வியாதி.

நியாயமா ஒண்ணு சொல்லணும். இதுக்கெல்லாம் ஆள் பக்கத்துல வந்து நிக்கணும். அம்மா பென்ஷனுக்காக எங்க தெருவுல எவனும் ஆன்டெனாவோட நிக்கப் போறதில்லை. போன் பண்ணி ஓ.டி.பி. கேக்கறவன்தான் நிஜ வில்லன். ஆனா 2019க்கு அப்புறம் அடைச்ச ஓட்டை ஒண்ணுகூட அந்தப் போன்ல அடைபடலை. எனக்கு வேண்டாம்னு ஒதுக்கினதை, மொத்த பென்ஷனையும் வச்சிருக்கறவங்க கையில கொடுத்திருக்கேன். அதுதான் உறுத்துச்சு.

பழைய ஆப்பையே எங்கிருந்தாவது இறக்கிப் போட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் சபலம். அப்புறம் மனசு கேக்காம கடைக்குப் போய், 'எத்தனை வருஷம் அப்டேட் தருவாங்க?'ன்னு கேட்டேன். கேமரா எத்தனை மெகாபிக்ஸல்னு பதில் வந்துச்சு. நானே தேடிப் பார்த்து ஒண்ணு வாங்கினேன்.

அம்மாவுக்குக் கோபம். "அதான் நல்லா இருக்கே, எதுக்குடா தெண்டச் செலவு?" ட்ரைவர், ஓட்டை, கட்டம் எல்லாம் பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "டிரைவர் சரியில்லைன்னா டிரைவரைத்தானே மாத்தணும், வண்டியை ஏன்டா மாத்தறே?"ன்னாங்க.

எனக்குப் பதில் தெரியலை. போன் கம்பெனிக்காரன் யாராவது இதைப் படிச்சா அம்மாவுக்குச் சொல்லுங்கப்பா.

பி.கு: பழைய போன் இப்ப சமையல்கட்டுல, வை-ஃபை அணைச்சு, சிம் எடுத்து, சுப்ரபாதம் மட்டும் பாடிட்டு இருக்கு.