மட்டாஞ்சேரியில் கிதார் தேடினோம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, எர்ணாகுளத்தில் படகேறி மட்டாஞ்சேரிக்குச் சென்றோம். உடன் வந்தவன் நம் தமையனாரின் மகன். தந்தையை இழந்து நம் இல்லத்தில் வளர்பவன். தந்தை விட்டுச் சென்ற சிறு சேமிப்பில் ஒரு வாத்தியம் வாங்க விரும்பினான். பெடல் ஸ்டீல் கிதாரா, ரெசனேட்டர் கிதாரா என்பதே அவன் கேள்வி. ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்தில் அப்பணத்தை மீண்டும் ஈட்டுதல் எளிதன்று. ஆகவே, எப்படியாவது மறுத்துவிடுவதென்றே நாம் புறப்பட்டோம்.

கரையேறியதும் மிளகின் மணமும் சுக்கின் மணமும் எதிர்கொண்டன. 1555ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் கட்டிய அரண்மனையையும், 1568ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயத்தையும் கண்டோம். கொங்கணியர், குஜராத்தியர், தமிழர் எனப் பலரும் கலந்து வாழும் இவ்வூரில் கஜல் இசைக்குத் தனி மதிப்புண்டு. 2018இல் மறைந்த பாடகர் உம்பாயி இவ்வூரினரே.

ஒரு சந்தில், ஆர்மோனியம் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். பையனின் பழைய கிதாரை அவர் வாங்கிப் பார்த்தார். தலைப்பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் ஓர் உலோகத் துண்டைச் செருகி, அவற்றை உயர்த்தினார். வாத்தியத்தை மடியில் கிடத்தி, வழவழப்பான உருக்குக் கோல் ஒன்றைப் பையனின் இடக்கையில் கொடுத்தார்.

"மோனே, முதலில் கை வழுக்கிப் பழகட்டும்" என்றார்.

அவன் மோகன ராகத்தைத் தேடித் தேடி வாசித்தான். நம் கோட்டு வாத்தியம் நினைவுக்கு வந்தது. திருவிடைமருதூர் சகாராம் ராவ் புகழ்பெறச் செய்த அவ்வாத்தியத்திலும், தந்தியின்மேல் கோல் வழுக்கியே கமகம் பிறக்கிறது. 1994இல் கிராமி பரிசு பெற்ற விசுவ மோகன் பட் அவர்களின் மோகன வீணையும் இவ்வழியினதே.

அவ்வேளை மழை ஓட்டின்மேல் கொட்டியது. கிதாரின் குரல் அதில் அமிழ்ந்தது.

"இக்குறை தீரவே ரெசனேட்டர் பிறந்தது" என்றார் முதியவர். நடன மேளங்களின் இரைச்சலை மீற, 1927இல் அமெரிக்காவில் கிதாரினுள் மெல்லிய அலுமினியக் கூம்புகளை வைத்தனர். தந்தியின் அதிர்வு கூம்பை அதிரச் செய்ய, மின்சாரமின்றியே ஒலி பெருகுகிறது.

பெடல் ஸ்டீல் வேறு வகை. கால்களின்மேல் மேசைபோல் நிற்பது. பெரும்பாலும் பத்துத் தந்திகள் உடையது. மிதிகட்டையை அழுத்தினால், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்திகளில் சில மட்டும் சுருதி மாறும். பல சுரங்களைச் சேர்த்திசைக்கும் மேனாட்டுப் பாட்டுக்கு அது நிகரற்றது. ஆனால் ஒலிபெருக்கி வேண்டும், சுமையும் மிகுதி, பழுதானால் பார்ப்பவர் அரியர். ஒற்றைத் தந்தியில் ராகம் வளர்ப்போர்க்குக் கையே போதும்.

திரும்பும் படகில் பையன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "சித்தப்பா, அப்பா பணம் வங்கியிலேயே இருக்கட்டும். ஓராண்டு இதிலேயே பழகுகிறேன். கை தேறினால் ரெசனேட்டர் வாங்குவோம்" என்றான்.

மறுப்பதற்கென்று நாம் சேர்த்து வைத்திருந்த சொற்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. இப்பொழுது மாலைதோறும் நம் வீட்டில் மோகனம் கேட்கிறது. சுருதி இன்னும் சற்றுப் பிசகுகிறது. ஆயினும், ஓராண்டு முடியுமுன்னரே நாமும் சிறிது சேர்த்து வைக்கத் தொடங்கியுள்ளோம்.