லாரியில் ஏற்றிப் போனவர்கள்

செஞ்சிக் கோட்டைக்கு மலை எத்தனை என்று யாரைக் கேட்டாலும் மூன்று என்பார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளோடு சேர்த்து செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது ஊரெல்லாம் இந்த மூன்று பேரைத்தான் சொல்லிக்கொண்டார்கள். நாலாவதாக ஒன்று இருக்கிறது. சின்ன மலை. சக்கிலிதுர்க்கம் என்று பேர். அதுவும் கோட்டையைச் சேர்ந்ததுதான், அதிலும் அரண் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் எண்ணும்போது அதை விட்டுவிடுவார்கள். சிலரை விட்டுவிட்டு எண்ணுவது இந்த ஊருக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை. 2004 கடைசியில் நாகப்பட்டினத்திலும் அதைப் பார்த்தேன்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி பிளந்து, ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. இந்தோனேசியா, இலங்கை, இந்தியா, தாய்லாந்து என்று எல்லா நாட்டிலும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேலே செத்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர். அதில் நாகை மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல். கிறிஸ்துமசுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த வெளியூர் ஜனங்களும் அதில் உண்டு. சுனாமி என்ற வார்த்தையை எங்கள் தெரு அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் எங்கள் மாமா, அம்மாவுக்குத் தம்பி, வீட்டுக்கு வரவில்லை. அவர் ஒரு நகராட்சியில் துப்புரவு வேலை. மத்தியானமே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அத்தை வந்து அழுதாள். எங்கே என்று சொல்லவில்லை. 'நாகப்பட்டினத்துல பொணம் எடுக்க ஆள் பத்தலையாம்' என்று கூட வேலை செய்கிறவர் சொல்லித்தான் தெரிந்தது. மாற்றுத் துணி கூட இல்லாமல் போயிருக்கிறார்.

அம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள், 'நாமளும் போலாண்டா. கையில எதுனா எடுத்துக்கினு போலாம். சும்மா போயி நின்னா நல்லா இருக்காது' என்றாள். அப்படித்தான் எங்கள் குடும்பமே நிவாரணத்துக்குக் கிளம்பியது.

நைனா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கினவர். முப்பது வருஷமாக மல்லாட்டை மூட்டையும் நெல் மூட்டையும் அவர் முதுகில்தான் ஏறி இறங்கின. அவர் போய்ச் சொன்னதும் கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்தார்கள். காலனியில் வீட்டுக்கு ஒரு படி, இரண்டு படி என்று ரேஷன் அரிசி வந்தது. எல்லாம் சேர்த்து ஆறு மூட்டை. ஒரு சாக்கு மல்லாட்டை. சிலர் பழைய துணியைக் கொண்டு வந்தார்கள். அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள்.

'ஆண்டை ஊட்ல குடுத்த பழம்பொடவையைக் கட்டிக்கினு வளந்தவ நானு. அது ஒடம்புல எப்பிடி உறுத்தும்னு எனக்குத் தெரியும். குடுத்தா புதுசு குடு. இல்லன்னா அரிசியோட நிறுத்திக்க.'

முப்பது புதுப் புடவை வாங்கினோம். சாதாப் புடவைதான். நாகப்பட்டினம் போகிற ரோட்டோரத்தில் பழந்துணி குப்பையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்தபோது அம்மா சொன்னதன் அர்த்தம் எல்லாருக்கும் விளங்கியது. நாடு முழுக்க இருந்து வந்த துணி அது. கிழிந்த சட்டை, பொத்தான் போன ஸ்வெட்டர். எல்லாம் இழந்து நின்ற ஜனங்களும் அதைத் தொடவில்லை.

29ந் தேதி ராத்திரி ஒரு 407 வண்டி பிடித்தோம். நைனா, அம்மா, நான், என் மனைவி, அண்ணன், அண்ணன் பையன். திண்டிவனம், பாண்டிச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று கொள்ளிடம் தாண்டிப் போய்ச் சேர விடிந்துவிட்டது. வாடை ஊருக்கு வெளியிலேயே அடித்தது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் படகெல்லாம் தரையில் கிடந்தன. பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகத் தெருவெல்லாம்.

ஒரு நிவாரண மையத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். வண்டி நம்பர், எங்கள் பேர், எத்தனை மூட்டை எல்லாம் நோட்டில் எழுதினார்கள். டீ கொடுத்தார்கள். 'தன்னார்வலர்' என்று எழுதின அட்டையை ஆளுக்கு ஒன்று சட்டையில் குத்தினார்கள். நைனா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் பேரை மரியாதையாகக் கேட்டு எழுதிய நோட்டு அவர் வாழ்நாளில் அதுதான் முதல். மாமாவைப் பற்றிக் கேட்டேன். 'துப்புரவு ஆளுங்களா? எங்க எங்கயோ இருக்காங்க. அவங்களுக்கு லிஸ்ட் இல்ல சார்' என்றார் நோட்டு எழுதினவர்.

அன்றைக்குத்தான், டிசம்பர் 30, மறுபடி அலை வரும் என்று டெல்லியிலிருந்து எச்சரிக்கை வந்தது. பிறகு அது பொய்யாகிப் போனது. ஆனால் அந்த நேரத்தில் ஊரே ஓடியது. 'கடலு வருது, கடலு வருது' என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் திருவாரூர் ரோட்டில் ஓடினார்கள். அரிசி மூட்டைமேல் எத்தனை பேரை ஏற்ற முடியுமோ ஏற்றிக்கொண்டு நாங்களும் ஓடினோம்.

மத்தியானத்துக்கு மேலே திரும்பி வந்து தேடியதில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மாமாவைக் கண்டுபிடித்தோம். ஐந்தாறு பேர் சுவரோரம் குந்தியிருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து பின்னால் போனார்.

'தொடாதக்கா. கை நாறுது.'

அம்மா எட்டிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'மொத ரெண்டு நாளு வெறுங்கைதான். அப்பறம் டாக்டருங்க போடற ரப்பர் உறையக் குடுத்தாங்க. ஒரு மரக்கட்டையத் தூக்குனா கிழிஞ்சி போவுது. கொயந்தைங்கதான் ஜாஸ்தி. இழுத்தா தோலு கையோட வருது. முள்ளுச் செடிக்குள்ள மாட்டிக்கினு இருந்ததை எல்லாம் நாங்கதான் எடுத்தோம். பொக்லைன் குழி தோண்டும், நாங்க அடுக்கி சுண்ணாம்பு போடுவோம். காதுல மூக்குல இருந்ததைக் கழட்டி அதிகாரிங்க கையில குடுத்ததும் நாங்கதான். சாயந்தரம் பாக்கெட்டத் தடவிப் பாத்தது எங்களத்தான். இன்னிக்கு கடலு வருதுன்னதும் நாங்களும் ஓடுனோம். வரலன்னு தெரிஞ்சதும் வாங்கடா வேலைக்குன்னு மொதல்ல கூப்ட்டது எங்களத்தான்.'

சோற்றுப் பொட்டலத்தைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்களாம். குடிக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது என்றார். மாமா அதுவரைக்கும் குடிக்காத ஆள்.

இருந்த அரிசியை எங்கே கொடுப்பது என்று அவரிடமே கேட்டோம். கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காலனியைக் காட்டினார். அங்கே ஆண்கள் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற, மூட்டை தூக்குகிற கூலிகள். பொம்பளைகள் கூடையில் மீன் வாங்கி ஊர் ஊராகப் போய் விற்கிறவர்கள். மற்றவர்கள் வயல் கூலி. கதிர் முற்றின சம்பா உப்புத்தண்ணியில் நின்றது. அந்த நிலத்துக்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, தக்கைப்பூண்டு விதைத்து உழுது, மறுபடி நெல் விளையும் வரைக்கும் கூலி வேலை கிடையாது. செத்தவர் இருந்தால் கணக்கு உண்டு, படகு போனால் கணக்கு உண்டு, வலை போனால் கணக்கு உண்டு. கூலி போனதற்குக் கணக்கில்லை. மீனவ ஜனங்களுடைய இழப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். நான் சொல்வது லிஸ்ட் எழுதினவர்களைப் பற்றி. ஒரு கிழவி என் மனைவியிடம் சொன்னாள்: 'அலை எங்களையுந்தான் தொரத்துச்சி தாயி. லிஸ்ட்டுல மட்டும் எங்களைக் காணோம்.' முகாம்களிலேயே தலித்துகளைத் தனியாக ஒதுக்கினார்கள், தண்ணீர்த் தொட்டியைத் தொட விடவில்லை என்று அப்புறம் பத்திரிகைகளில் நிறைய வந்தது.

சில மாதம் கழித்து ஒரு அமைப்பு விழா வைத்து, நிவாரணத்துக்குப் போனவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியது. எனக்கும் நைனாவுக்கும் சான்றிதழ். ஒரு ராத்திரி, ஒரு பகல் போய் வந்ததற்கு. பதினைந்து நாளைக்கு மேலே அங்கே கிடந்த மாமாவை அந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தப் பொன்னாடையை எடுத்துப் போய் அவர் மேல் போட்டாள். அவர் மடித்து வைத்துவிட்டார்.

தன்னார்வலர் என்ற வார்த்தையைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். தானாக ஆசைப்பட்டு வருகிறவன் என்று அர்த்தம். வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் இடம் இருக்கிறவனுக்குத்தான் அந்தப் பேர் பொருந்தும். மாமாவை யாரும் வருகிறாயா என்று கேட்கவில்லை. பிறந்த தெருவைப் பார்த்தே அந்த வேலைக்கு ஆள் எடுக்கிற நாட்டில், பேரிடர் வந்தாலும் அதே தெருவுக்குத்தான் லாரி வருகிறது.

சுனாமிக்கு அடுத்த வருஷம், 2005ல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதில் 61ஆவது பிரிவு இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் சாதி, மதம், பால் பார்த்துப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. நல்ல பிரிவு. நாகையில் நடந்ததை நினைத்தால் அவசியமான பிரிவு. அதே சட்டத்தின் 65, 66 பிரிவுகள்படி மீட்பு வேலைக்கு ஒருவருடைய வண்டியையோ கட்டடத்தையோ அரசு எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். எங்கள் மாமாவிடம் வண்டியும் இல்லை, கட்டடமும் இல்லை. அவரையே எடுத்துக்கொண்டு போனார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் முங்கியபோதும் வெளி மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்துதான் குப்பை எடுத்தார்கள். அந்தப் படங்களை மாமா டிவியில் பார்த்தார். 'செருப்பு போட்டிருக்கானுங்களா பாரு' என்று மட்டும் கேட்டார்.

நாகையிலிருந்து வந்த பிறகு அவர் மீன் தின்னவில்லை. குடியும் விடவில்லை. பென்ஷன் வாங்கி இரண்டு வருஷத்தில் செத்துப்போனார்.

அவரோடு அந்த லாரியில் போனவர்களின் பேரை நான் இப்போது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். பதினோரு பேர் தெரிய வந்திருக்கிறார்கள். நான்கு பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள். மதுரையிலிருந்து போனார்கள், கோயம்புத்தூரிலிருந்து போனார்கள். இதைப் படிக்கிறவர்கள் அவரவர் ஊர்த் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் போய்க் கேளுங்கள். நாகப்பட்டினம் போனவர் யார், எத்தனை நாள் இருந்தார், கையில் என்ன கொடுத்தார்கள், திரும்பி வந்து எப்படி வாழ்ந்தார் என்று கேட்டு எழுதுங்கள். இருக்கிறவர்களுக்கும் வயசாகிவிட்டது.