அலாய் வீலும் அடுப்புச் சாம்பலும்

பித்தளையைத் துலக்கப் புளி, சாம்பல் என்று வழிவழியாக வந்த ஞானம் ஒன்று தஞ்சை வட்டாரத்து வீடுகளில் உண்டு. அதை அலுமினியத்திடம் கொண்டுசெல்லக் கூடாது. சித்தப்பாவின் பழைய பிரிமியர் பத்மினியின் நான்கு அலாய் வீல்களைப் புதுப்பிக்க உட்கார்ந்தபோது நான் முதலில் ஒதுக்கிவைத்தது சாம்பலைத்தான்.

மும்பை ஆலையிலிருந்து அந்தக் கார் உருக்குச் சக்கரங்களோடுதான் வந்தது. 1990களில் சித்தப்பா ஆசைப்பட்டு இவற்றை வாங்கிப் பூட்டினார். காரை விற்றபோதும் வீல்களைக் கொடுக்க மனம் வரவில்லை. மன்னார்குடி வீட்டுக் கொல்லைக் கொட்டகையில், உர மூட்டைகளுக்கும் சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் நடுவே, இருபது ஆண்டுகள் கிடந்தன. மேற்பூச்சு உரிந்து, அடியில் புழு ஊர்ந்த தடம்போல வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

இரும்பின் துரு உதிர்ந்து இரும்பையே தின்னும். அலுமினியத்தின் துருவோ அதற்குத் தோல். காற்றுப் பட்ட கணத்தில் சில நானோமீட்டர் கனத்தில் படர்ந்து, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. காரம் அந்தத் தோலை உரித்துவிடும். சாம்பல், சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா எல்லாம் ஆகாதவை இதனால்தான். இரும்புக் கம்பி பிரஷும் வேண்டாம். அதன் துகள்கள் பதிந்து பிறகு அரிப்புக்கு வழி செய்யும். சோப்பு நீரில் கழுவி, 400, 800, 1200 என்று வரிசையாகத் தண்ணீர்க் காகிதம் தேய்த்து, கடைசியில் பாலிஷ் போட வேண்டும். அப்போது துணி கறுத்துக்கொண்டே வரும். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி அழுக்கல்ல, வீலே தேய்ந்து வந்தது. ஒவ்வொரு பளபளப்புக்கும் உலோகம் கொஞ்சம் விலையாகப் போகிறது.

மூன்று வீல்கள் முகம் பார்க்கும் அளவுக்கு வந்தன. நான்காவதில், போல்ட் துளையருகே மயிரிழை போல ஒரு கோடு. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சாக்குப்பொடி தூவினேன். பொடியின் மீது கோடு மெல்ல ஈரமாக எழுந்து வந்தது. விரிசல்தான்.

"ஆர்கான் வெல்டிங் வச்சுப் பாலிஷ் போட்டா யாருக்குத் தெரியப்போவுது? நாலும் சேர்ந்தாத்தான்டா செட்டு" என்றார் சித்தப்பா. வேறொரு பத்மினியைப் பார்த்துவைத்திருந்தார். யாருக்கும் தெரியாது என்பதுதான் என் பயமே. இத்தகைய வார்ப்புகள் பெரும்பாலும் சூடேற்றி, நீரில் அமிழ்த்தி, மறுபடி மிதமான சூட்டில் வைத்து வலுவேற்றப்பட்டவை. வெல்டிங் சூடு அந்த வலுவை அவ்விடத்தில் அழித்துவிடும். அதன்மேல் பாலிஷும் ஏறிவிட்டால், பூட்டுகிறவருக்கு எச்சரிக்கையாக இருக்கும் கடைசி அடையாளமும் போய்விடும். முடியாது என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டெல்டாவுக்குத் தண்ணீர் தரும் அணை 1934 முதல் நிற்கும் அதே மேட்டூரில்தான் 1965இல் அலுமினிய ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியது. தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்கச் சுமார் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். பழையதை உருக்கி எடுக்க அந்த ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு போதும். விரிசல் விட்ட வீலுக்கு நேர்மையான புதுப்பித்தல் உலைதான் என்று இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவரே அதைக் காயலான் கடைக்குக் கொண்டுபோய் எடைக்குப் போட்டுவிட்டு வந்தார்.