பாட்டு வேண்டும், பார்வையும் வேண்டும்

என் மகன் தன் காடிக்குப் பைபர் கிளாஸில் ஒலிபெருக்கிப் பெட்டி செய்கிறான். பின்புறச் சாமான் அறையின் வளைந்த மூலையிலேயே அச்செடுப்பதால் மளிகைச் சாமானுக்கும் இடம் மிஞ்சுகிறது. பெட்டியில் காற்று கசிந்தால், ஒலிபெருக்கியின் முன்னொலியைப் பின்னொலி தின்றுவிடும்; அடித்தொனி கனக்காது.

நான் கண்டிப்புக் காட்டுவது ஒன்றில்தான். ரெசினுக்குச் சேர்க்கும் ஹார்டனர் 100க்கு 1 அல்லது 2 பங்கே போதும். மிஞ்சினால் கலவை சூடேறிப் புகையும். அது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே 15 நிமிடமாவது நீர்விட்டுக் கழுவி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆகவே கண்காப்பு, கையுறை, ஆவி வடிகட்டும் முகமூடி மூன்றும் அணிந்து, வெட்டவெளியில்தான் வேலை செய்கிறான். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பாட்டை நாளைக்கும் கேட்கலாம். போன கண் திரும்புமா?