கடைசிப் பெஞ்சு

உபாத்தியாயர்களுக்குப் பட்சபாதம் கிடையாது என்று யாராவது சொன்னால், அவர் உபாத்தியாயராக இருந்தவர் அல்லவென்று நிச்சயமாய்ச் சொல்லிவிடலாம். இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வரும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் தலையை ஆட்டும் முதல் பெஞ்சுப் பையனிடம் என் பிரியம் தானாகவே போய்விடுகிறது. அவன் ஆட்டுவது தன் தலையை; குளிர்வது என் மனம்.

வருஷந்தோறும் வகுப்பில் ராமானுஜன் கதையைச் சொல்வது என் வழக்கம். கும்பகோணம் கல்லூரி அவருக்கு உபகாரச் சம்பளம் அளித்தது. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களை அவர் கவனியாமற் போகவே, அதை நிறுத்தியும் விட்டது. பிறகு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா உத்தியோகம். கேம்பிரிட்ஜ் பண்டிதர்களுக்குத் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். இருவர் பொருட்படுத்தவில்லை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டிக்கும் முதலில் சந்தேகந்தான். ஆயினும் காகிதங்களை எறிந்துவிடாமல், நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து பரிசீலித்தார். 1918-ல் ராமானுஜன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார்.

இந்த வருஷமும் கதையை முடித்து, "அந்த இருவரும் கண்ணிருந்தும் குருடர்கள்!" என்று உரக்கச் சொன்னேன். முதல் பெஞ்சு தலையை ஆட்டியது.

மணி அடிக்கும் சமயம், கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து நோட்டுப் புத்தகத்தை நீட்டினான். பக்கம் முழுவதும் சதுரம் சதுரமாகப் புள்ளிகள். "வீட்டுக் கணக்குப் போடச் சொன்னால் கோலமா போட்டிருக்கிறாய்?" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவனும் சிரித்தான். நோட்டை மூடிக்கொண்டு போனான்.

இரவு சாப்பிட்டுக் கை அலம்பும்போது அந்தப் புள்ளிகள் என் கண்முன் வந்து நின்றன. ஓரத்தில் 1, 3, 5, 7 என்று எழுதியிருந்தானே! ஒன்றும் மூன்றும் நான்கு. அதோடு ஐந்து ஒன்பது. அதோடு ஏழு பதினாறு. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்களே வரும். பழைய உண்மைதான், ஆனால் நான் அதை வகுப்பில் சொன்னதில்லை. பையன் தானே கண்டுபிடித்து, காரணத்தையும் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறான்!

மறுநாள் நோட்டைக் கேட்டேன். "அது ஒன்றுமில்லை, ஸார். கிழித்துவிட்டேன்" என்றான். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. என் முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை.

இரண்டு கதவுகள் திறவாத பின்பும் ராமானுஜன் மூன்றாவது கதவைத் தட்டினார். எல்லாப் பையன்களும் தட்டுவார்களா? இப்பொழுதெல்லாம் மணி அடித்தவுடன் நான் கிளம்புவதில்லை. கடைசிப் பெஞ்சு வரையில் ஒரு நடை போய் நிற்கிறேன். அவன் நோட்டு இன்னும் மூடியேதான் இருக்கிறது.