தாய் காட்டிய புனிதர்

பங்கின் பாடகர் குழுவைப் பல்லாண்டுகளாக நடத்தி வருபவன் நான். என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டே இதனைத் தொடங்க வேண்டும். எங்கள் குழுவில் இனிய குரல் வாய்ந்த இளைஞன் ஒருவன் இருந்தான். ஒரு திருட்டு வழக்கில் அகப்பட்டுச் சில மாதங்கள் சிறையிலிருந்து திரும்பினான். அடுத்த ஞாயிறன்று அவன் பாட வந்தபோது, "இனி உனக்கு இங்கு இடமில்லை, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் தாய் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வியாழன்தோறும் புனித யூதா ததேயுவின் சுரூபத்தின்முன் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுச் செல்வார்.

அந்தத் தாயை எனக்கு மீண்டும் நினைவூட்டியது ஏரன் நெவில் என்னும் அமெரிக்கப் பாடகரின் வரலாறு. 'சோல்' இசை என்பது அந்நாட்டுக் கறுப்பின மக்களின் ஆலயப் பாடல்களிலும் துயரப் பாடல்களிலும் வேரூன்றி வளர்ந்தது. 'ஆன்மா' என்பதே அச்சொல்லின் பொருள். அவ்விசையின் மூத்த பாடகர்களுள் ஒருவரான நெவில், 1941-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். படித்தது புனித மோனிக்கா கத்தோலிக்கப் பள்ளியில். தறிகெட்ட மகனுக்காகக் கண்ணீர் விட்ட தாயின் பெயர் அப்பள்ளிக்கு அமைந்தது எத்துணைப் பொருத்தம்!

ஏனெனில் அவரும் வழி தவறினார். இளமையில் வாகனத் திருட்டுக்காக ஆறு மாதம் சிறையிலிருந்தார். போதைப் பழக்கமும் பற்றிக்கொண்டது. 1966-இல் வெளிவந்த அவரது பாடலொன்று நாடெங்கும் புகழ்பெற்றது. எனினும் இசைத்தட்டு நிறுவனம் நொடித்துப் போகவே, துறைமுகத்தில் மூட்டை சுமந்து பிழைத்தார். கைவிடப்பட்டோரின் பாதுகாவலராம் புனித யூதா ததேயுவிடம் அவரை அழைத்துச் சென்றவர் அவருடைய தாய் அமேலியா. மஞ்சள் காய்ச்சலால் மாண்டோரின் இறுதிச் சடங்குகளுக்கென 1826-இல் கட்டத் தொடங்கிய சிற்றாலயம் ஒன்று அந்நகரின் ராம்பார்ட் வீதியில் உள்ளது. புனித யூதாவின் திருத்தலமும் அதுவே. அங்கு முழந்தாளிட்டு மன்றாடியவர், அப்புனிதரின் பதக்கத்தைக் காதணியாகவே அணியலானார்.

1977-இல் உடன்பிறந்தார் மூவருடன் இணைந்து இசைக்குழு அமைத்தார். 1991-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பை 'ஆவே மரியா' பாடி நிறைவு செய்தார். சிறை கண்ட மனிதர், கன்னத்தில் கத்தி வடிவில் பச்சை குத்தியவர், தேவதாயை அழைத்தபோது குரல் குழந்தையின் குரலாயிற்று! 2005-இல் கத்ரீனா புயல் அவர் வீட்டை அழித்தது. 2007-இல், 48 ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி புற்றுநோயால் மறைந்தார். செபமும் பாட்டும் அவரைத் தாங்கின.

2015-இல் நோத்ர்தாம் பல்கலைக்கழகம் அவருக்கு 'லெத்தாரே' பதக்கம் அளித்தது. 'மகிழ்வாய்' எனப் பொருள்படும் இப்பதக்கம், 1883 முதல் அமெரிக்கக் கத்தோலிக்கருக்கு வழங்கப்படும் பெருஞ்சிறப்பு. ஜனாதிபதி கென்னடியும், ஏழைகளின் தோழி டாரதி டேயும் பெற்ற பதக்கம் அது. 2021-இல் அவர் இசைப் பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார்.

அப்பதக்கத்தில் பாதி அமேலியாவுக்கு உரியது என்றே எனக்குத் தோன்றுகிறது. மகனைப் பற்றி ஊர் சொன்னதைக் கேட்டு அவர் செபத்தை நிறுத்தியிருந்தால், அக்குரல் நமக்குக் கிட்டியிராது. மன்னிக்கும் இறைவனைப் பாடும் குழுவுக்குத் தலைவனாக இருந்துகொண்டு, மன்னிக்க மறுத்தவன் நான்.

சென்ற மாதம் அந்தத் தாயின் வீட்டிற்குச் சென்றேன். மகன் வெளியூரில் லாரி ஓட்டுகிறானாம். "ஊருக்கு வந்தால் கோவிலுக்கு அனுப்புங்கள், அம்மா. அவனை அன்று நான் துரத்தியிருக்கக் கூடாது" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கிறிஸ்துமசுக்கு வருவான் வாத்தியாரே, சொல்லுகிறேன்" என்றார்.